கெப்புக்கு ஒரு டூல் பொக்ஸ்: நாங்கள் மூன்று வாரம் சண்டை போட்ட கதை

ஒரு பெட்டிக்காக மூன்று வாரம் சண்டை போட்டோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்களுக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்தச் சண்டையில் நாங்கள் பேசியது பெட்டியைப் பற்றி மட்டும் இல்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர் கை வேலைக்காரர். ஒருவர் வயரிங், ஒருவர் பைப் வேலை, இரண்டு பேர் மேசன், ஒருவர் பெயின்டர். எல்லாரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கொழும்பில் கடையிலும் கட்டடத்திலும் நின்று தொழில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். ஐந்து பேரும் காசு போட்டு ஒரு பழைய பட்டா வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியெல்லாம் தங்கம் மாதிரி விலை போனது. அதில் ஒன்றைத்தான் வாங்கினோம். ஆகவே டூல் பொக்ஸுக்கென்று கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சாமானைப் பின்னால் போட்டுத் தறப்பாளால் மூடி, கயிறு கட்டி ஓடினோம்.

வண்டி லயம் வரைக்கும் போகாது. மேல் ரோட்டில் நிறுத்திவிட்டுப் படி இறங்க வேண்டும். ஒரு நாள் இரவு களைப்பில் சாமானை இறக்காமல் வந்து படுத்தோம். காலையில் தறப்பாள் அப்படியே இருந்தது, கிரைண்டரையும் டிரில்லையும் காணோம். அந்தக் கிரைண்டர் ஒருவனுடைய அம்மா சீட்டு எடுத்த காசு. அவர் கொழுந்து எடுத்து, அரைப் பேரும் முழுப் பேருமாகச் சேர்த்த காசு. அவர் திட்டவில்லை. "போனா போவுது, நீ சாப்புடு" என்றார். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

"ஏன் வீட்டுக்குள்ள வைக்கல?" என்று டவுனில் ஒரு கடைக்காரர் கேட்டார். எந்த வீட்டுக்குள்? காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்தான் படுக்கை, படிப்பு, சாமி, விருந்தாளி எல்லாம். சீமெந்துச் சட்டியையும் பைப் ரெஞ்சையும் கட்டிலுக்கடியில் தள்ளினால் தங்கச்சியின் புத்தகப் பை எங்கே போகும்? தோட்டங்களை 1992 முதல் கம்பனிகள் நடத்துகின்றன, லயம் இன்னும் நம் பெயரில் இல்லை. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். அந்த வீட்டுப் படத்திலும் ஒரு தொழிலாளி தன் ஆயுதத்தை எங்கே வைப்பான் என்று யாரும் ஒரு மூலையைக் கீறவில்லை. தொழிற்பயிற்சி முடித்தால் சான்றிதழ் தருகிறார்கள். அந்தத் தொழிலின் சாமானை எங்கே பூட்டி வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய சொந்த இடம் என்றால் அது வண்டியில் இருக்கும் பெட்டிதான். அதனால் அதைச் சும்மா ஒரு 'எக்ஸ்ட்ரா பிட்டிங்' என்று நினைக்காதீர்கள்.

சரி, எந்தப் பெட்டி?

முதல் சண்டை எதில் செய்வது என்பதில். பிளாஸ்டிக் பெட்டி லேசானது, துருப்பிடிக்காது. ஆனால் ஒரு கத்தியும் பத்து நிமிடமும் இருந்தால் திறந்துவிடலாம். அலுமினியம் அழகு. இரும்பின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஐந்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு பெட்டியை 2 மில்லிமீற்றர் தகட்டில் அடித்தால் இரும்பில் 45 கிலோவுக்குக் கிட்ட வரும், அலுமினியத்தில் 15 கிலோதான். ஆனால் எங்களுக்குச் சொன்ன விலை இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். இன்னொன்று, இரும்பு வெடித்தால் எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டலாம். அலுமினியத்தை ஒட்ட ஆர்கன் வாயு வைத்து ஒட்டுகிற கடையைத் தேடிப் போக வேண்டும். வண்டி ஓடாத நாள் எங்களுக்குச் சம்பளம் இல்லாத நாள். அதனால் இரும்புதான், ஆனால் 1.5 மில்லிமீற்றர் தகடு, மூலைகளுக்கு ஆங்கிள். பாரம் 35 கிலோவுக்குள் நின்றது.

சாமானையும் நிறுத்துப் பார்த்தோம். கொழுந்து நிறுக்கிற தராசு ஒன்றைத் தெரிந்த அண்ணனிடம் கேட்டு வாங்கினோம். 62 கிலோ. "இந்தத் தராசு ஒரு கிலோவும் கழிக்காம நிறுத்தது இன்னைக்குத்தான்" என்று ஒருவன் சொன்னான். பட்டா ஏற்றக்கூடியது சுமார் 750 கிலோ. பெட்டியும் சாமானும் சேர்ந்து நூறு கிலோ என்றால், இரண்டு மூட்டை சீமெந்து எப்போதும் வண்டியில் கிடக்கிற மாதிரி. ஏற்றத்தில் டீசல் குடிக்கும். ஆகவே தினமும் தேவைப்படாத சாமானைப் பெட்டிக்குள் போடாதீர்கள்.

இரண்டாவது எதிரி மழை. எங்கள் பக்கத்து வட்டவளையில் ஒரு வருடத்தில் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இங்கே 'வோட்டர் புரூப்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், மூடியைப் பாருங்கள். மூடி பெட்டியைவிட ஓர் அங்குலம் வெளியே நீட்டி, கீழ்ப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். லயத்துக் கூரையின் தாழ்வாரம் மாதிரி. உள்விளிம்பில் ரப்பர் பீடிங். அப்படியும் தண்ணீர் வரும். வெளியில் இருந்து வராவிட்டால் பனியில் உள்ளேயே வேர்க்கும். அதனால் அடியில் இரண்டு மூலையில் சின்ன ஓட்டை, அதற்கு வலை, மேலே பலகைச் சட்டம். சாமான் பலகையில் இருக்கட்டும், தண்ணீர் கீழே போகட்டும். வெளிப்பூச்சுக்கு முதல் இரண்டு கோட் ரெட் ஒக்சைட். உள்ளேயும் அடிக்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

மூன்றாவது பூட்டு. வெளியில் தொங்கும் பூட்டைக் கட்டரால் ஒரு நொடியில் வெட்டலாம். பூட்டை மறைக்கிற மாதிரி ஒரு கூடு வைத்து ஒட்டச் சொன்னோம். பெட்டியோடு தூக்கிப் போகாமல் இருக்க, உருண்டைத் தலை போல்டைக் கீழே இருந்து விட்டு, நட்டைப் பெட்டிக்கு உள்ளே முறுக்க வேண்டும். கீழே எந்தச் சாவியும் பிடிக்காது. ஓட்டை போடுவதற்கு முதல் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் பைப்பும் பிரேக் பைப்பும் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சேஸியில் துளை போடவே வேண்டாம்.

இதுவரை சண்டை எங்களுக்குள். நாலாவது கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. பெட்டியை எங்கே வைப்பது?

கெபினுக்குப் பின்னால் குறுக்கே வைப்பது என்று முடிவெடுத்து, தரையில் சுண்ணாம்பால் கோடும் போட்டுவிட்டோம். எங்கள் லயத்து அக்கா ஒருவர் வேலை முடிந்து கூடையோடு வந்தவர், நின்று பார்த்தார். "ஏன்டா தம்பிகளா, ராவுல புள்ளத்தாச்சிய கொண்டு போவணும்னா எங்க படுக்க வைப்பீங்க?" என்றார்.

யாரும் பேசவில்லை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும்தான். ஆனால் அது நிற்கக்கூடிய தார் ரோட்டுக்கு மேல் டிவிசனிலிருந்து ஆளை இறக்கிக் கொண்டுவர வேண்டும். அந்தக் கல் ரோட்டில் இரவில் ஓடுவது எங்கள் பட்டாதான். சாமான் வண்டியில் ஆள் ஏற்றுவது பிழை என்று எங்களுக்கும் தெரியும். ஏற்றாமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை என்று தெரிந்த இரவுகளும் உண்டு.

பட்டாவின் பின்பக்கம் ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். குறுக்கே பெட்டி வைத்தால் மிஞ்சும் நீளம் ஐந்தரை அடி, ஒருவர் கால் நீட்டிப் படுக்க முடியாது. பக்கவாட்டில் வைத்தால் ஏழடி முழுதும் இருக்கும், அகலம் மூன்றரை அடி. ஒரு மெத்தையும், பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும். கோட்டை அழித்தோம்.

எந்தப் பக்கம்? இடப்பக்கம். ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருப்பதால் பாரம் கொஞ்சம் சமப்படும். ரோட்டோரம் நிறுத்தித் திறக்கும்போது பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நம் முதுகு போகாது. பாரமான சாமானைப் பெட்டியின் முன்மூலையில் வைக்க வேண்டும். பின் சில்லுக்குப் பின்னால் பாரம் போனால் கினிகத்தேனைப் பக்கத்து ஏற்றத்தில் முன் சில்லு லேசாகி ஸ்டியரிங் மிதக்கும்.

அதே அக்கா இன்னொன்றும் சொன்னார். புல்லுக்கு அடிக்கிற மருந்து டின்னோடு ஒரே லொறியில் தாங்கள் போன நாட்களைப் பற்றி. அந்த டின் கவிழ்ந்த இடத்தில்தான் சோத்துப் பார்சலும் இருந்ததாம். அன்றே ஒரு சட்டம் போட்டோம்: இந்தப் பெட்டிக்குள் மருந்தும் பெற்றோலும் கேஸ் சிலிண்டரும் போகாது. மூடிய பெட்டிக்குள் ஆவி தேங்கினால் ஒரு பொறி போதும். சாப்பாடும் போகாது. நாலும் வேண்டுமென்றால் நாலு இடம்.

"பெட்டி மூடியில மெத்த போட்டு ஆள் இருக்கிற மாதிரி செய்வோம்" என்று ஒரு மச்சான் சொன்னதை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. அவசரத்துக்கு ஏற்றுவது ஒன்று. சீட் போட்டுக் கொடுத்து, இதுதான் உங்கள் பஸ் என்று சொல்வது வேறொன்று. நம் ஆட்களை லொறியிலும் டிரக்டரிலும் நிற்க வைத்துக் கொண்டுபோவது இருநூறு வருடத்துக்குப் பிறகும் சாதாரணமாக இருக்கிறது. அதை நம் கையாலேயே வெல்டிங் பண்ணி நிரந்தரமாக்க வேண்டாம். மேல் டிவிசனுக்கு வேண்டியது ரோடும் பஸ்ஸும். அதைக் கேட்பதை நாங்கள் விடப்போவதில்லை.

பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். ஓட்டுகிறவனும் வெல்டிங்காரரும் மட்டும் பேசி முடிவெடுக்காதீர்கள். அந்த வண்டி யார் யாருக்கு ஓடும் என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள், அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கள் ஐந்து பேருக்கும் அளவு தெரிந்தது, தகடு தெரிந்தது. ஏழடி எதற்கு என்பது தெரியவில்லை.

இப்போது பெட்டி ஏறிவிட்டது. பச்சைப் பெயின்ட். முன்மூலையில் கிரைண்டர் (புதுசு, கடன் இன்னும் முடியவில்லை), பின்மூலையில் ஒரு டோர்ச், கயிறு, கம்பளி, முதலுதவிச் சாமான். சாவி இரண்டு. ஒன்று அன்றைக்கு வண்டி ஓட்டுகிறவரிடம், மற்றது அந்த அக்காவிடம்.