வானத்துல வரி விழுந்தா ஹெட் கிளீனிங்கா?

தீபாவளி ராத்திரி வாணவேடிக்கையை போட்டோ புடிச்சு வீட்டு இங்க்ஜெட்ல அடிச்சா, வானம் வரி வரியா வருது. யாரைக் கேட்டாலும் 'ஹெட் கிளீனிங் குடு, அஞ்சு தடவை குடு' என்கிறார்கள். யார் வீட்டுக் காசு சாமி? ஒவ்வொரு கிளீனிங்குக்கும் மை உள்ளே இருக்கிற வேஸ்ட் பேடுக்குத்தான் போகுது. அது நிறைஞ்சா பல மாடல்கள் பிரிண்ட் அடிக்கவே மறுத்துடும். அப்புறம் அதே வாய் 'புது பிரிண்டர் வாங்கிடுங்க' என்று சொல்லும்.

நம்ம சிவகாசியில தீப்பெட்டி லேபிள்ல ஆரம்பிச்சு காலண்டர் வரை வளர்ந்தது அச்சுத் தொழில். ஆப்செட்காரர் தாள் ஓரத்துல கலர் பட்டை அடிச்சு, லென்ஸ் வெச்சுப் பார்ப்பார். நாம நாசில் செக்னு ஒரே ஒரு பக்கம் அடிச்சுப் பார்க்க மாட்டோம்!

அதுல கோடு விட்டுப் போயிருந்தா அடைப்பு. ஒண்ணு ரெண்டு கிளீனிங் போதும், அப்புறம் ஒரு ராத்திரி சும்மா விடுங்க. (விருதுநகர் வெயில்ல மாசக்கணக்கா தொடாம வெச்சா காயாம என்ன செய்யும்?) கோடெல்லாம் முழுசா இருந்தும் வரி விழுதா? அலைன்மெண்ட் பாருங்க. 'ஹை ஸ்பீட்' டிக்கை எடுங்க. போட்டோ பேப்பரை வெச்சுட்டு செட்டிங்ல பிளைன் பேப்பர்னு விடாதீங்க, பெரும்பாலும் வில்லங்கம் இங்கதான்.

அகலப் பட்டையா, படிக்கட்டு மாதிரி, மானிட்டர்லயே தெரியுதா? அதுக்கும் பிரிண்டருக்கும் சம்பந்தமே இல்லை. 8 பிட் ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான். இருட்டு வானத்தை இழுத்து இழுத்து வெளிச்சமாக்கினா படி படியா பிரியத்தான் செய்யும். ரா ஃபைல்ல இருந்து 16 பிட்ல திருத்துங்க, கொஞ்சம் நாய்ஸ் தூவுங்க. இதுக்கும் ஹெட் கிளீனிங் குடுக்கச் சொல்ற புண்ணியவான்களை என்னத்தச் சொல்ல :-)