வாடகை வீடும் வாசற்கேள்வியும்

உடைமை என்பது பொருளுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள உறவு எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆழ்ந்து நோக்கின், அது ஒரு பொருளை முன்னிட்டு மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே ஏற்படும் உறவே என்பது புலனாகும். வாடகை வீட்டின் படலையடியில் இவ்வுண்மை மிகத் தெளிவாகத் தெரிகின்றது. உள்ளே நிற்பவரிடம் வீடு உண்டு. வெளியே நிற்பவரிடம் இல்லை. உள்ளே நிற்பவர் வினவுகின்றார். வெளியே நிற்பவர் விடையளிக்கின்றார். அவ்வினாக்கள் எவை, அவற்றை வினவும் உரிமை எங்கிருந்து பெறப்பட்டது, வினவுபவருக்கேனும் அவை பயன்படுகின்றனவா என்பன ஆராயத்தக்கவை. யாழ்ப்பாணத்திலே முன்னெச்சரிக்கை என்ற பெயரில் நடைபெறும் வாடகைக்காரர் விசாரணையின் பெரும்பகுதி குலவிசாரணையே என்பதும், அது வீட்டுக்காரரின் நலனையேனும் காப்பதில்லை என்பதும் மறுக்கவொண்ணாத உண்மைகளாகும்.

இங்கு கருதப்படும் வீட்டுக்காரர் பெருநிலவுடைமையாளர் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுதுவினைஞர், சீதனமாக வந்த இரண்டாவது வீட்டைப் பூட்டிவைக்க விரும்பாத குடும்பத்தினர், வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணத்தில் வீடொன்றை வாங்கியவர் ஆகியோரே இவ்வகுப்பினர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் தொடங்கப்பெற்று, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய பின்னர், திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஆகிய ஊர்களில் அறைகளையும் வீடுகளையும் வாடகைக்கு விடுதல் ஒரு சிறுதொழிலாகவே வளர்ந்தது. இத்தொழிலைச் செய்வோர் தம்மைத் தொழில் செய்வோராகக் கருதுவதில்லை. உபகாரம் செய்வோராகவே கருதுகின்றனர். சிக்கலின் தோற்றுவாய் இதுவேயாகும். தொழில் செய்பவன் கணக்குப் பார்ப்பான்; உபகாரம் செய்பவனோ பாத்திரம் அறிய முற்படுவான்.

அவர்களது அச்சங்கள் யாவும் பொய்யானவை அல்ல. வாடகை நிலுவை வைத்து மறைந்தவர், மின்கட்டணத்தைச் செலுத்தாது சென்றவர், கதவையும் குளியலறையையும் சிதைத்தவர், ஒப்பிய தவணை முடிந்தும் எழும்ப மறுத்தவர் ஆகியோர் எவ்வூரிலும் உளர். ஒரே வீட்டின் வருவாயை நம்பி முதுமையைக் கழிப்பவருக்கு ஆறு மாத நிலுவை பேரிழப்பு என்பதை மறுப்பதற்கில்லை. எனவே, வருபவரை விசாரித்தறியும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. எதை விசாரிப்பது என்பதே வினா.

நடைமுறையில் முதலில் எழும் கேள்வி, "தம்பி எவடம்?" என்பதாகும். ஊர்ப்பெயர் கூறப்பட்டதும், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, தகப்பனாரின் பெயர் யாது, அவர் செய்த தொழில் யாது, மணமுடித்த இடம் எது என்று கேள்வி தொடர்கின்றது. சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி இறுதியிலேயே வரும்; சிலவேளைகளில் வராமலும் போகும். விடை விரும்பியவாறு அமையாவிடின், "இப்ப வீடு குடுக்கிற எண்ணமில்லை" என்று கூறப்படும். அவ்வீடே மறுவாரம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். மறுக்கப்பட்டவர் காரணத்தை அறிவார், மறுத்தவரும் அறிவார், இருவரும் அதை வாய்விட்டுக் கூறுவதில்லை. சாதியின் பெயரை ஒருமுறையேனும் உச்சரியாமல் சாதியைக் காப்பாற்றும் வல்லமை இக்கேள்விமுறைக்கு உண்டு. மலையகத்திலிருந்து வரும் மாணவரும், தனித்து வரும் பெண்ணும், கணவனை இழந்தவரும் இவ்வாறே திருப்பி அனுப்பப்படுகின்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் மீண்டுவந்து வீடு தேடும்போது, அவர்களிடமும் "எவடம்?" என்று கேட்பதற்கு ஒருவருக்கு எவ்வளவு மறதி வேண்டும்!

இவ்விசாரணை கூறப்படும் நோக்கத்தையாவது நிறைவேற்றுகின்றதா? வாடகை நிலுவைக்குக் காரணம் வேலையிழப்பு, நோய், வருவாய்க்கு மீறிய செலவு ஆகியனவாகும். இவற்றுள் ஒன்றேனும் பிறப்போடு தொடர்புடையதன்று. தகப்பனாரின் ஊர்ப்பக்கத்தை அறிந்தவருக்கு மகனின் மாத வருவாய் தெரியாது. அதற்கு மாறாக, "எங்கட ஆக்கள்" என்ற நம்பிக்கையில் எழுத்தும் பற்றுச்சீட்டும் இன்றி வீட்டைக் கொடுத்தவர்களே, வழக்கென்று வரும்போது கையில் எவ்வித சான்றும் இன்றித் தவிக்கின்றனர். உறவினரிடம் நிலுவை கேட்பது அந்நியரிடம் கேட்பதிலும் கடினம் என்பதை அறியாதவர் எவருமிலர்.

"என் வீடு, நான் விரும்பியவருக்கே கொடுப்பேன்" என்பது இவர்களது முதன்மையான வாதம். இவ்வாதத்துக்குச் சட்டத்தின் மௌனம் துணைநிற்கின்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியன காரணமாகக் கடைகள், உணவகங்கள், விடுதிகள், தம் சமயத்துப் பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுள் செல்வதற்கு எவருக்கும் தடை விதிக்கலாகாது எனக் கூறுகின்றது. தனியார் வீட்டின் வாடகை அப்பட்டியலில் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராகவே தொடுக்கத்தக்கது. ஆயினும், சட்டம் தடுக்காத யாவும் நியாயமாகிவிடுமா? தேநீர்க்கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் எதிர்த்து நின்றோர் கூறியதும் "எமது வழக்கம், எமது உரிமை" என்பதே. அக்கோயிலின் கதவு திறந்தது. தேநீர்க்கடையின் தனிக்குவளை மறைந்தது. வீட்டின் படலை மாத்திரம் பழைய காவலோடு நிற்கின்றது.

பிறப்பிடத்தைக் கொண்டு தங்குமிடத்தை மறுப்பதன் கொடுமையை இலங்கைத் தமிழருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2007 யூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300இற்கு மேற்பட்ட தமிழர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை மூலம் அதனைத் தடுத்தது. அன்று அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியும் எந்த ஊர், எதற்காக இங்கு வந்தீர் என்பதே. அரசின் வாயிலிருந்து வரும்போது அநீதியாகத் தோன்றும் கேள்வி, அயலவரின் வாயிலிருந்து வரும்போது அறிவுடைமையாக மாறிவிடுவதில்லை.

இரண்டாவது வாதம், குடியிருப்பவரை எழுப்புதல் அரிது, ஆதலால் முன்னரே வடித்தெடுக்க வேண்டும் என்பதாகும். இதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1942ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் முதல் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வரை, குடியிருப்பவரைக் காப்பதே சட்டத்தின் போக்காக இருந்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், தனியொருவருக்கு 2 வீடுகள் எனவும், குடும்பமொன்றுக்கு 2 வீடுகளோடு தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ற வீடுகள் எனவும் வரையறுத்தது. வாடகைக்காரர் வீட்டையே எடுத்துவிடுவர் என்னும் அச்சம் அக்காலத்தின் எச்சமாகும். ஆனால், 1980ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளிற் பெரும்பாலானவை அச்சட்டத்தின் பிடியிலிருந்து விலகின. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்கு விட்ட கட்டடத்தின் உடைமையை மீளப்பெறுவதற்குச் சுருக்கமான நீதிமன்ற வழியொன்றையும் வகுத்தது. அவ்வழி, எழுத்தை முறைப்படி செய்துகொண்டவருக்கே உதவும். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் இருவர் ஒப்பமிட்டு ஓராண்டுக் குத்தகை என்று கருதியிருப்பவரிடம், சட்டம் ஏற்கும் ஓராண்டுக் குத்தகை இல்லை.

பத்தாண்டு இருந்தால் வீடு அவருக்கே உரித்தாகிவிடும் என்ற பேச்சும் இவ்வாறானதே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டு ஆட்சியினால் உரித்துக் கோருபவர், உரியவருக்கு எதிரான ஆட்சியை நிறுவுதல் வேண்டும். வாடகை செலுத்துபவர் மற்றவரின் உரித்தை ஏற்றவராகின்றார். ஆகவே, மாதந்தோறும் வழங்கும் பற்றுச்சீட்டும் அதன் அடிக்கட்டையும் வீட்டுக்காரருக்கே பெருங்காவலாகும். வரிக்குப் பயந்து பற்றுச்சீட்டை மறுப்பவர் தமது காவலைத் தாமே களைந்தெறிகின்றார்.

முறையான விசாரணை எளிது. வேலையும் வருவாயும் யாவை, முன்பிருந்த வீட்டில் வாடகை ஒழுங்காகச் செலுத்தப்பட்டதா, எத்தனை பேர் குடியிருப்பர், எவ்வளவு காலத்துக்கு வேண்டும் என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை பெற்று, அடையாள அட்டையின் பிரதியை வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பொருள்களையும் மின்மானி, நீர்மானி அளவுகளையும் இருவர் ஒப்பத்துடன் எழுதிவைத்தாற் போதுமானது. வருபவர் யாவரிடமும் இதே கேள்விகளை இதே ஒழுங்கிற் கேட்டல் வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கேனும் பாட்டனாரின் பெயர் தேவைப்படாது.

இனி, வீடு வாங்கும் முறையையும் நோக்குதல் வேண்டும். ஏனெனில் படலையடிக் கடுமையின் வேர் பல இடங்களில் அங்கேயே உள்ளது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோமாயின், 2 கோடி ரூபா விலையுள்ள வீட்டை ஒருவர் கைப்பணம் 1 கோடியும், நூற்றுக்கு 12 வட்டியில் வங்கிக்கடன் 1 கோடியும் கொண்டு வாங்குகின்றார். மாத வாடகை 60,000 ரூபா எனின், ஆண்டு வருவாய் 7 இலட்சத்து 20 ஆயிரம். வட்டி மாத்திரம் முதலாண்டில் ஏறத்தாழ 12 இலட்சம். ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடப்பதையும், சோலைவரியையும், கூரைத் திருத்தத்தையும் சேர்த்தால் பள்ளம் மேலும் ஆழமாகும். இக்கணக்கை உறுதி எழுதுவதற்கு முன் பார்த்திருத்தல் வேண்டும். பாராதவர், பின்னர் ஓராண்டு, ஈராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்கின்றார். வாடகைச் சட்டம் தனக்குட்பட்ட வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முற்பணத்தைத் தடுத்தமை ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. வாங்கியவரின் கணக்குப் பிழை, மாணவனொருவனின் தாயின் தாலிக்கொடியை ஈட்டுக்கடைக்கு அனுப்புகின்றது.

உறுதியைப் பார்ப்பதிலும் இதே அசட்டை காணப்படுகின்றது. விற்பவர் தேசவழமைக்குட்பட்ட மணமான பெண்ணாயின், 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட்டதா? பங்குக் காணியாயின், 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்வாங்கல் உரிமைச் சட்டத்துக்கமையப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதா? காணிப் பதிவகத்தில் ஈடோ வழக்கோ பதியப்பட்டுள்ளதா? இவற்றைத் தேடாமலே பலர் வாங்கி, பின் நீதிமன்ற வாசலிற் காத்திருக்கின்றனர். காணியின் முப்பதாண்டு வரலாற்றைத் தேடாதவர், வாடகைக்காரரின் மூன்று தலைமுறையைத் தேடுகின்றார். வில்லங்கம் உறுதியில் இருக்க, அவர் அதை மனிதனின் பிறப்பிலே தேடுகின்றார்.

இவ்விடயம் படித்தவருக்குப் புறம்பானதன்று. படலைக்கு வெளியே நிற்கும் மாணவருட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் உத்தியோகமும் சீதன வீடும் பெற்றுப் படலைக்கு உள்ளே நிற்பர். சாதியமைப்பைப் பற்றிப் பரீட்சைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியவர், தம் வீட்டுக்கு வாடகைக்காரர் தேடும் பொறுப்பைத் தாயாரிடமோ மாமனாரிடமோ ஒப்படைத்துவிட்டு, அங்கு கேட்கப்படும் கேள்விகளை அறியாதவர்போல் இருத்தல் இலகு. அவ்வீட்டின் வாடகை மாதந்தோறும் அவரது கையையே வந்தடைகின்றது. வாடகையைப் பெறுபவரே கேள்விக்கும் பொறுப்பாளி. சட்டம் வந்து படலையைத் திறக்கும்வரை காத்திராது, கேட்கத்தக்கவற்றை மாத்திரம் கேட்டுக் கதவைத் திறக்கும் துணிவு அவருக்கு உண்டா என்பதிலேயே அவர் பெற்ற கல்வியின் பெறுமதி தங்கியுள்ளது.