மேசைமேல் திருகோணமலை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர். அங்கே மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல் மிதக்கிறது. பெயர் ‘டிரிங்கோமலி’. நம் திருகோணமலைதான். 1782இல் அந்தக் கரையோரம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாக வைத்த பெயர். கப்பல் பிறந்தது பம்பாயில். 1817 அக்டோபர் 12ஆம் தேதி நீரில் இறங்கியது. அந்தக் காலத்து ஓக் மரக் கப்பல்கள் பெரும்பாலும் உளுத்தும் உடைபட்டும் போய்விட்டன. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்றும் மிதப்பவற்றில் இதுவே மூத்தது. காரணம் அதன் மரம். மலபார்த் தேக்கு.

அந்தக் கப்பலைத்தான் திருவனந்தபுரம் கரமனையில் என் வீட்டு மாடி அறையில் 64இல் ஒரு பங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 150 அடி பீரங்கித் தளம் இந்த அளவில் 28 அங்குலமாகச் சுருங்குகிறது. உடல் முடிந்துவிட்டது, இப்போது கயிறு வேலை நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “போயும் போயும் வெள்ளைக்காரன் போர்க்கப்பலையா கட்டுவீங்க?” நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில்.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்துக்கு ஓக் மரம் பற்றாக்குறையானது. பம்பாயில் தேக்கில் கட்டினால் என்ன என்று யோசித்தார்கள். அங்கே வாடியா குடும்பம் இருந்தது. சூரத்திலிருந்து லோவ்ஜி நசர்வான்ஜி 1736இல் பம்பாய்க்கு வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய பார்சிக்காரர்கள். 1812இல் டிரிங்கோமலிக்கு ஆணை பிறந்தது. வரைபடங்களை ‘ஜாவா’ என்ற கப்பலில் அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ ஜாவாவை அடித்து வீழ்த்தியது. வரைபடங்களும் அதோடு போயின. மறுபடி வரைந்து அனுப்பி, வேலை தொடங்க 1816 ஆகிவிட்டது. அடிமரமான ஏராவில் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து தொடங்கிவைத்தார். அது பார்சி வழக்கம். ஜாவாவை வீழ்த்திய கான்ஸ்டிடியூஷன் இன்று பாஸ்டனில் மிதக்கிறது, உலகில் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையதாக. வரைபடத்தை அழித்த கப்பலும் அந்த வரைபடத்தில் இருந்த கப்பலும் இரண்டு நூற்றாண்டு தாண்டி மிதக்கின்றன.

ஏறத்தாழ 23,000 பவுண்டு செலவில் எழுந்த கப்பல் 1819 ஜனவரியில் செயின்ட் ஹெலினா தீவில் ஆறு நாள் தங்கியது. நெப்போலியன் அங்கே சிறையிருந்த காலம். அவருக்கு மருத்துவம் பார்த்த ஜான் ஸ்டோகோ என்ற டாக்டரை ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 30ஆம் தேதி போர்ட்ஸ்மத் சேர்ந்தது. சேர்ந்த கப்பலுக்குச் சண்டை இல்லை. போர் முடிந்து நான்காண்டு ஆகியிருந்தது. ஓரமாகக் கட்டிப்போட்டு, 1847இல்தான் முதல்முறையாகப் பணிக்கு அனுப்பினார்கள்.

இனி மரத்தின் கதை. இதைச் சொல்லாமல் இந்தக் கப்பலைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கேப்டன் வாட்சன் என்பவரை வனக் காப்பாளராக நியமித்தது. இந்தியாவில் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆள் அவர். பெயர்தான் காப்பாளர். செய்த வேலை, மலபாரிலும் திருவிதாங்கூரிலும் தேக்கு வியாபாரத்தைக் கம்பெனியின் ஏகபோகமாக்கியது. தன் நிலத்துத் தேக்கைத் தானே வெட்டக்கூடாது என்றார்கள். காட்டுக்காரரும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். கடைசியில் 1823இல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. காடு அதற்குள் மெலிந்துவிட்டது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவருக்குக் கீழே பணியாற்றிய சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கு விதைத்து வளர்க்கத் தொடங்கியது அந்தப் பஞ்சத்தினால்தான். டிரிங்கோமலியின் விலா எலும்புகள் அந்த ஏகபோகக் காலத்து மரம். வெட்டியதும் இழுத்ததும் அறுத்ததும் செதுக்கியதும் நம்மவர் கை. அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கப்பல் யாருடையது என்று கேட்டால், கொடியை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தேக்குக் கப்பலுக்குத் தேக்கில்தானே மாதிரி செய்ய வேண்டும் என்று தோன்றும். செய்யக்கூடாது. தேக்கின் ரேகை பெரிது, துளை பெரிது. 64 மடங்கு சுருக்கிய பலகையில் அந்தத் துளைகள் தளத்தில் வெட்டிய வாய்க்கால் மாதிரி தெரியும். மாதிரிக் கப்பலுக்கு ரேகையே கண்ணில் படாத மரம் வேண்டும். ஐரோப்பாவில் பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் எடுப்பார்கள். நமக்கு மஞ்சள் கடம்பு இருக்கிறது. முன்பு சீப்பும் ஸ்கேலும் செய்த மரம். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடையும் வெட்பாலையும் இருக்கிறது. தந்தம்போல வெள்ளை, உளி சொன்னபடி கேட்கும். கப்பலின் முகப்பு உருவத்தை வெட்பாலையில்தான் செதுக்க வேண்டும். 1851இல் லண்டன் கண்காட்சிக்குத் தந்தச் சிம்மாசனம் செய்து அனுப்பிய ஊர் இது. அந்த மரபில் வந்த செதுக்குக்காரர்கள் இன்றும் மரத்தில் வேலை செய்கிறார்கள். கட்டைவிரல் உயரப் பொம்மை அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல.

கட்டத் தொடங்குமுன் ஒரு தேதியைத் தீர்மானிக்க வேண்டும். 1817இல் பின்புறம் அகன்ற தட்டைச் சுவர், வரிசையாய் ஜன்னல்கள், பீரங்கித் தளத்தில் 28 பதினெட்டுப் பவுண்டர் பீரங்கிகள். 1840களில் பின்புறத்தை வளைவாக மாற்றி, பீரங்கியைக் குறைத்து, 26 பீரங்கிக் கப்பலாக்கினார்கள். ஹார்ட்டில்பூலில் 1990 முதல் 2001 வரை செப்பனிட்டு வைத்திருப்பதும் அந்த வளைந்த பின்புறத்தோடுதான். நான் எடுத்துக்கொண்டது 1817, வாடியா கையிலிருந்து இறங்கிய கோலம். இரண்டையும் கலந்து கட்டினால் அப்படி ஒரு கப்பல் எந்த நாளிலும் கடலில் இருந்ததில்லை.

பலகை பதிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, முன்பகுதியான அணியத்தில் குறுக்கிக் குறுக்கிப் பொருத்துவது. பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். நீர்க்கோட்டுக்குக் கீழே செம்புத் தகடு. நிஜத்தில் நான்கடிக்குப் பதினான்கு அங்குலம். நமக்கு 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை. ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறவேண்டும். ஏறும் திசை மாறினால் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

கயிறு அப்படியல்ல. பாய்க்கப்பல் என்பதே கயிற்றால் ஓடும் இயந்திரம். பாய்மரத்தை நிறுத்தி வைக்கும் கயிறுகள் ஒருவகை. தார் பூசியவை, அசையாதவை. பாயையும் அதைத் தாங்கும் குறுக்கு மரமான பருமலையும் ஆட்டி வைப்பவை இன்னொரு வகை. தார் இல்லாத பழுப்பு நிறம். மாதிரியில் முதல் வகைக்கு அட்டக்கரி நிறம் வேண்டாம், அடர்ந்த பழுப்பே தார்போல் தெரியும். தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். கடையில் வாங்கும் தையல் நூல் கயிறாகத் தெரியாது, முறுக்கு வேறு. ஆகவே கயிற்றை நாமே திரிக்க வேண்டும்.

இதற்கு வெளிநாட்டில் சின்னஞ்சிறு பல்சக்கர யந்திரம் விற்கிறார்கள். நம் ஊரில் அதன் பாட்டி இருக்கிறாள். வடக்கே அஞ்சுதெங்குக் கரையில் கயிறு திரிக்கும் பெண்களிடம் உள்ள ராட்டு. அந்த ஊரின் பெயரே கயிற்றுச் சந்தையில் ஒரு தரத்தின் பெயர். இழைகளை ஒரு திசையில் முறுக்கி, பிறகு சேர்த்து எதிர்த்திசையில் விட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அவிழாமல் நிற்கும். பெரிய கப்பலின் வடத்துக்கும் என் மேசையில் உள்ள அரை மில்லிமீட்டர் கயிற்றுக்கும் விதி அதுவே. ராட்டு சுற்றுவதைக் கிட்டத்தில் நின்று ஒருமுறை பார்த்தால் போதும், அந்தப் பல்சக்கர யந்திரத்தை வீட்டில் செய்துகொள்ளலாம். சக்கரங்கள் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும்.

பாய்மரத்தின் இரு பக்கமும் கயிறு கட்டுவதற்கு வரிசை உண்டு. வலப்பக்கம் முன் ஜோடி, அடுத்து இடப்பக்கம் முன் ஜோடி, இப்படி மாறிமாறி. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும். கீழே மூன்று துளையிட்ட வட்டக்கட்டை இரண்டுக்கு நடுவே சிறு கயிறு கோத்து இறுக்க வேண்டும். பிறகு மாலுமிகள் ஏறும் குறுக்குக் கயிறுகள். கடலில் ஓரடிக்குச் சற்று மேலான இடைவெளி. மேசையில் ஐந்து மில்லிமீட்டர். கோடு போட்ட வெள்ளை அட்டையைப் பின்னால் வைத்து, நுனிச் சாமணத்தால் நூலைப் பிடித்து, ஒவ்வொரு நிலைக்கயிற்றிலும் இரண்டு சுற்று சுற்றி அடியில் கோத்து இழுக்க வேண்டும். விழிஞ்ஞத்துக் கட்டுமரக்காரர் முளையில் போடும் அதே முடிச்சு. கொஞ்சம் அதிகம் இழுத்தால் இரு ஓர நிலைக்கயிறுகளும் உள்ளே வளைந்து, ஏணியின் இடுப்பு ஒடுங்கிவிடும். ஒடுங்கினால் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் வழி. பசை உலருமுன் ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் தள்ளி நின்று பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் காலை வேளையில் செய்யும் வேலை இது. ராத்திரி விளக்கில் ஆகாது.

பருத்தி நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரம் ஏறினால் அது சுருங்கும், காய்ந்தால் தளரும். ஜனவரி வெயிலில் விறைப்பாகக் கட்டிய கயிறு இடவப்பாதி மழையில் மேல்மரத்தை வளைத்துவிடும். இந்த ஊருக்கு பாலியெஸ்டர் நூலே சரி. பழமைக்காக லினன்தான் வேண்டும் என்பவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முதலில் ஆசாரியிடம் சொல்லிவையுங்கள்.

அண்மையில் ஒரு பெரியவர் பார்க்க வந்தார். தூத்துக்குடிக்காரர், இங்கே மகன் வீட்டுக்கு வந்திருந்தவர். அப்பா தோணி கட்டும் ஓடாவி, இவர் இளவயதில் தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது ஆஞ்சான். பருமலை ஏத்துறது. சரிதான். தாமான் எங்க போயி நிக்குது?”

காட்டினேன். நடுப் பாய்மரத்துப் பெரிய பாயின் கீழ்முனைக் கயிறு, பக்கச் சுவர்த் துளைவழி உள்ளே வந்து முளையில் முடிகிறது.

“அதே இடத்துலதான் எப்பவும் கட்டுவாவளா?”

“எப்பவும் அங்கதான் அண்ணாச்சி. ஒவ்வொரு கயித்துக்கும் ஒரு முளை.”

“பின்ன? இருட்டுல, மழையில, கை தானா அங்க போவணும்லா. மாத்திக் கட்டுனா ஆளு செத்தான்.”

முளைகள் ஏன் இப்படி ஒழுங்காக வரிசையிட்டு நிற்கின்றன என்பதற்கு நான் படித்த புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு அணியத்தைத் தடவிப் பார்த்து, பலகை இடுக்கில் பஞ்சு அடிக்கும் கலப்பற்று வேலையை அப்பா எப்படிச் செய்வார், எந்த மாதத்தில் செய்வார் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனார். அவர் சொன்ன சொற்களில் பாதி எனக்குப் புதிது. எழுதிக்கொண்டேன்.

போயும் போயும் வெள்ளைக்காரன் கப்பலா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். இந்தக் கப்பலின் கொடி அவனுடையது. மரமும் கையும் இங்கேயுள்ளவை. அந்தக் கை என்ன செய்தது என்று அறிய, அதே வேலையைச் சிறிதாகவேனும் செய்து பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குளச்சல் போர் 1741 என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் கடலில் நின்ற கப்பல் எப்படித் திரும்பும், ஒரு பருமலைத் திருப்ப எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று காட்ட நமக்கு ஆளில்லை. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தில், கயிறு முழுதும் கட்டிய ஒரு டிரிங்கோமலி, இங்குள்ள மரத்தில், இங்குள்ள செதுக்குக்காரரும் கயிறு திரிப்பவரும் செய்து நிற்க வேண்டும். பக்கத்தில் வாட்சனின் ஏகபோகத்தைப் பற்றியும் ஒரு பலகை வேண்டும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். குளச்சல், முட்டம், மணப்பாடு, தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து வாசகர்கள் வீட்டில் தோணியில் போன தாத்தாவோ ஓடாவிக் குடும்பத்துப் பெரியவரோ இருந்தால், உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் கயிற்றுக்கு என்ன பெயர், அதை எங்கே கட்டுவார்கள், எப்போது இழுப்பார்கள். அவர் சொல்கிறபடியே எழுதி, முடிந்தால் ஒரு படமும் போட்டு இந்தப் பத்திக்கு அனுப்புங்கள். பின் பாய்மரம் கட்டும் வேலை இனிமேல்தான்.