திருத்தப்பட்ட குரல்



தவக்காலத்துக்குச் சற்று முன்னர் எமது பங்கின் இளைஞர் ஒருவர் தம் வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார். பின்னறையொன்றை அவர் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார். சுவர்களில் பழைய மெத்தைகளும் கம்பளிகளும் தொங்கின. இரைச்சல் பதிவாகிவிடும் என்பதால் மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது, அறை வெந்துகொண்டிருந்தது. ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன். இவற்றைக் கொண்டே பங்கின் தவக்கால இறுவட்டு உருவாகிக்கொண்டிருந்தது.

மின்சாரமற்ற தொண்ணூறுகளில் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறையினருக்கு இது ஒரு வரப்பிரசாதமே. அந்த இளைஞரின் பொறுமையையும் நான் மெச்சுகின்றேன். குரலின் அடியில் கேட்கும் முழக்கத்தை நீக்க 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை அவர் வெட்டினார். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகள் சீறும் 5000 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மெல்ல அடக்கினார். உரத்து எழும் இடத்தைத் தாழ்த்தி, தாழும் இடத்தை உயர்த்திச் சமப்படுத்தினார். மெத்தைகளுக்கு நடுவே பாடியதால் வறண்டிருந்த குரலுக்குக் கோவிலின் எதிரொலியைச் செயற்கையாகச் சேர்த்தார். இவற்றில் எதையும் நான் குறைகூறேன். பீடத்துணியை வெளுத்து மடித்து விரிப்பவரும் இத்தகைய பணியைத்தானே செய்கின்றார்?

என் நெருடல் அடுத்த பதிவில் தொடங்கியது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பாடிய ஒப்பாரி அது. கோவா நாட்டு மறைபரப்புப் பணியாளர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705 இல் இலங்கை வந்து எமக்குத் தந்த செல்வங்களுள் ஒன்றான வியாகுலப் பிரசங்கத்தை ஆண்டுதோறும் எமது ஆலயத்தில் இசைப்பவர் அவர். அவருடைய குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. வழுக்கி இறங்கும், நடுவில் நடுங்கும், மூச்சு வாங்கும்.

கணினியில் சுருதி திருத்தும் மென்பொருள் ஒன்று இருந்தது. இத்தகையவற்றுள் பெயர்பெற்ற ‘ஓட்டோ டியூன்’ 1997 இல் வெளிவந்தது. அதை ஆக்கிய அண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் வளம் தேடுவதற்காக நில அதிர்வலைகளைப் பகுப்பாய்வு செய்து வந்தவர். பூமியின் அடியில் இருப்பதை அறியப் பயன்பட்ட கணிதம் மனிதக் குரலைத் திருத்தப் பயன்படலாயிற்று! மேலைநாட்டுப் பன்னிரு சுரங்களுள் மிக அருகிலுள்ளதை நோக்கி அம்மென்பொருள் குரலை இழுக்கின்றது. விரைவாக இழுக்கும்படி அமைத்தால், வழுக்கி இறங்கும் குரல் படிக்கட்டு இறங்கத் தொடங்கும். எமது இசையின் கமகமும் ஒப்பாரியின் இழுவையும் அதன் கணக்கில் பிழைகள். மூச்சு வாங்கும் ஓசைகளையோ இளைஞர் ஏற்கெனவே ஒவ்வொன்றாக அழித்துவிட்டிருந்தார்.

அந்த அம்மாவையும் அழைத்துக் கேட்கச் செய்தோம். சற்று நேரம் கவனித்துக் கேட்டவர், “ஆர் தம்பி இது பாடுறது? நல்லாத்தான் பாடுறா” என்றார்.

நாங்கள் இருவரும் பேசாதிருந்தோம்.

அன்பர்களே, பாடலின் இனிமை பற்றிய தயக்கம் திருச்சபைக்குப் புதிதன்று. புனித அகுஸ்தீனார் மிலான் ஆலயத்துப் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் வடித்தவர். ஆயினும், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகமாக ஈர்த்த வேளைகளைத் தம் குற்றமாக அவர் அறிக்கையிட்டிருக்கின்றார். அவருக்கிருந்த அச்சம் மிகையென்றே நான் எண்ணி வந்தேன். இன்று அத்துணை உறுதியாகச் சொல்லமாட்டேன். வியாகுல அன்னையின் துயரைப் பாடும் குரலில் துயரின் தடமே இல்லாது போனால், கேட்பவர் எதைக் கேட்கின்றார்?

இதைவிடப் பெரிய கவலையும் உண்டு. இவ்வாறு மெருகேறிய பதிவுகள் இப்போது ஆலயத்துக்குள்ளேயே புகுந்துவிட்டன. காணிக்கைப் பவனிக்கு ஒருவர் பொத்தானை அழுத்துகின்றார். பாடகர் குழாம் பதிவுக்கு வாயசைக்கின்றது. மக்கள் அமர்ந்து கேட்கின்றார்கள். 1958 செப்டெம்பரில் உரோமை வெளியிட்ட திரு இசை பற்றிய அறிவுறுத்தல், ஒலித்தட்டையும் ஒலிநாடாவையும் திருவழிபாட்டில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அது பழைய காலக் கண்டிப்பு என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆனால் 1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டும், பாடலுடன் நிகழும் வழிபாட்டில் இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கை ஆற்றுமாறு செய்யவேண்டும் என்றே பணிக்கின்றது. கணினிக்கு அந்தப் பங்கு இல்லை. அது செபிப்பதில்லை. சுருதி பிசகும் ஒரு முதியவர் செபிக்கின்றார்.

இதனால் பாடகர் குழாம் ஒத்திகையின்றி வந்து நிற்கலாம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். சோம்பலுக்கு நான் வழக்கறிஞன் அல்லேன். ஒத்திகையால் திருந்தும் குரல் பாடுபவருக்கே சொந்தமாகின்றது. பொத்தானால் திருந்துவது அவரை விட்டு அகன்றுவிடுகின்றது. வீட்டில் கேட்கவும், நோயாளர் படுக்கையருகே ஒலிக்கவும், புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு அனுப்பவும் இறுவட்டு செய்யுங்கள். இரைச்சலை நீக்குங்கள், மூச்சை விட்டுவையுங்கள். திருப்பலியில் மட்டும் பதிவை ஒலிக்கவிடாதீர்கள். ஆர்மோனியம் வாசிப்பவர் வராத நாளில், இசைக்கருவி ஏதுமின்றி ஒரு திருப்பாடலைப் பாடிப் பாருங்கள்.

அந்த இளைஞர் நல்லவேளையாக முதற்பதிவை அழிக்காமல் வைத்திருந்தார். சுருதித் திருத்தத்தை நீக்கி, வெட்டிய மூச்சுகளை உரிய இடங்களில் மீளச் சேர்க்க அவருக்கு இரண்டு இரவுகள் சென்றன. இறுவட்டில் ஐந்தாவது பாடலாக அது இருக்கின்றது. பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் அந்த அம்மா தாமே பாடினார். நடுவில் ஓரிடத்தில் குரல் அடைத்து நின்றுவிட்டது. பின்வரிசைப் பெண்கள் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்கள்.