பனிமலை நாயும் நம்மூர் வெயிலும்

உருவத்தில் பெரியதும் சடைமயிர் நிறைந்ததுமான செயின்ட் பெர்னார்டு நாயைப் படத்தில் கண்ட சிறுவர், அதனை வாங்கித் தரும்படி பெற்றோரை வற்புறுத்துவதுண்டு. விலை பேசுமுன் அதன் பிறப்பிடத்தை அறிந்துகொள்வது நன்று.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் புனித பெர்னார்து அங்கே வழிப்போக்கருக்கென ஒரு விடுதியை நிறுவினார். இவரையே 1923-இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அவ்விடுதித் துறவியர் வளர்த்த நாய்கள், பனியில் வழி தவறியோரை மோப்பத்தால் கண்டுபிடித்து உதவின. அவற்றுள் 'பாரி' என்னும் நாய் (1800-1814) நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகக் கூறுவர். பதம்செய்யப்பட்ட அதன் உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

பாரி குட்டை மயிர் கொண்டது என்பது பலர் அறியாத செய்தி. 1830 அளவில் நியூபவுண்ட்லாந்து இனத்தோடு கலந்த பின்னரே நீள்மயிர் நாய்கள் பெருகின. அம்மயிரில் பனி உறைந்து கனத்தமையால் அவை மீட்புப் பணிக்கு உதவவில்லை. பனிமலையிலேயே சுமையாகிவிட்ட அந்தப் போர்வை, பென்னலூரின் சித்திரை வெயிலில் என்ன பாடுபடுத்தும்!

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். 60 முதல் 80 கிலோ வரை கனக்கும் உடலுக்கு அது போதாது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது.

ஏற்கெனவே வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை சில. வைகறையிலும் இரவிலும் மட்டுமே நடத்திச் செல்க. நிழலும் காற்றும் குளிர்ந்த நீரும் எந்நேரமும் இருக்கட்டும். தகரக் கொட்டகையில் கட்டுதல் கொடுமை. நாள்தோறும் மயிரை வாரி, உதிர்ந்ததை அகற்றுக. ஒட்ட மழித்தால் தோல் வெயிலில் வெந்துபோம். உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்து, உண்டவுடன் ஓடவிடாதிருங்கள். இல்லையேல் வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு உயிருக்கே இடர் நேரும். கடுமையாய் இரைத்துத் தள்ளாடினால், உடலில் நீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவரிடம் விரைக.

இவ்வினம் சாந்தமானது; பிள்ளைகளிடம் பொறுமை காட்டும். ஆயுளோ எட்டுப் பத்து ஆண்டுகளே. வளர்க்க இயலவில்லையென்று சாலையோரம் விட்டுவிடுதல் பெரும் பாவம். புதிதாக வாங்க எண்ணுவோர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் மண்ணின் இனங்களை நாடலாம். தெருவில் பிறந்த குட்டிக்கும் புகலிடம் தரலாம். அத்துறவியர் நாய் வளர்த்தது அழகுக்காகவன்று. பிறர் உயிரைக் காப்பதற்காகவே. நம் பெருமைக்காக ஓர் உயிரை வதைப்பது அவர்கள் காட்டிய வழியாகுமோ? சிந்திப்போம்.