‘ஸ்பட்’ என்று கூப்பிட்டால் கோபப்பட வேண்டுமா?

சொல்லும் மண்ணும் – வாசகர் கேள்வி

கேள்வி: ‘‘கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. உருளையும் கேரட்டும் போடுகிறோம். எங்கள் பையன் நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே ஓர் உருளைக்கிழங்குப் பண்ணைக்கு வேலைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அங்கே கூட வேலை செய்கிறவர்கள் அவனை ‘ஸ்பட்’ என்று கூப்பிடுகிறார்களாம். அகராதியில் பார்த்தால் உருளைக்கிழங்கு என்று ஓர் இடத்தில் இருக்கிறது, களை எடுக்கும் கருவி என்று ஓர் இடத்தில் இருக்கிறது, குட்டையானவன் என்று இன்னோர் இடத்தில் இருக்கிறது என்கிறான். ‘என்னைக் கேலி செய்கிறார்கள், வேலையை விட்டுட்டு வந்துடவா அம்மா?’ என்று போனில் கேட்கிறான். கடன் வாங்கித்தான் அனுப்பி வைத்தோம். அது வசைச்சொல்லா, இல்லையா?’’
– வாசகி, நீலகிரி மாவட்டம்.

பதில்: பெரும்பாலும் வசை இல்லை. ஆங்கிலம் பேசும் ஊர்களில் உருளைக்கிழங்குக்கு வழங்கும் செல்லப்பெயர்தான் ‘ஸ்பட்’. சமையல்கட்டு, சந்தை, பண்ணை என எல்லா இடத்திலும் புழங்கும் பேச்சுவழக்குச் சொல் அது. ஆனால், சில வாயிலிருந்து வரும்போது அது குத்தவும் செய்யும். எப்போது செல்லம், எப்போது குத்தல் என்று பிரித்தறிய, அந்தச் சொல் நடந்து வந்த பாதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

முதலில் கருவி, பிறகுதான் கிழங்கு

இங்கிலாந்துக்கு உருளைக்கிழங்கு வருவதற்கு முன்பே ‘ஸ்பட்’ என்ற சொல் அங்கே இருந்தது. 15-ம் நூற்றாண்டில் அதற்குக் குட்டைக் கத்தி என்று பொருள். பிறகு, மண்ணைக் கிளறும் சிறு கருவிக்கு அந்தப் பெயர் போனது. நீளமான மரக் கைப்பிடி, நுனியில் உளி போன்ற குறுகலான இரும்பு. குனியாமல் நின்றபடியே முள்செடியை வேரோடு குத்தி எடுக்க உதவும். தமிழ்நாட்டுக் களைக்கொத்தைக் கொஞ்சம் நீளக் கம்பில் மாட்டியது போல நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவி ஒருவருடைய தங்கத்தையே மீட்டுக்கொடுத்திருக்கிறது. 1667-ம் ஆண்டு ஜூன் மாதம், டச்சுக் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து தாக்கின. ஆங்கிலேயக் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் பயந்துபோய், தன் தங்கக் காசுகளை மனைவியிடமும் தந்தையிடமும் கொடுத்து, கிராமத்தில் புதைத்துவைக்கச் சொன்னார். அக்டோபரில் ஊருக்குப் போய், இரவில் விளக்கு வைத்துக்கொண்டு தேடினால், புதைத்த இடம் சரியாகப் பிடிபடவில்லை. பதறிப்போனவர், கடைசியில் ஒரு கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ‘ஸ்பட்’டால்தான் மண்ணைக் கிளறினார். மண்ணோடு கலந்து கிடந்த காசுகளை அள்ளிக் கழுவிச் சலித்து எடுத்ததாக அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. அப்போது ‘ஸ்பட்’ என்றால் கருவி மட்டும்தான்.

நியூசிலாந்தில் எழுத்தில் ஏறிய சொல்

கிழங்கைத் தோண்டும் கருவியின் பெயர், மெல்ல மெல்லத் தோண்டியெடுத்த கிழங்குக்கும் ஒட்டிக்கொண்டது. இதில் இந்த வாசகியின் மகனுக்கு ஒரு தொடர்பு உண்டு. உருளைக்கிழங்கை ‘ஸ்பட்’ என்று குறிக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றாகச் சொல்லப்படுவது, நியூசிலாந்தைப் பற்றி எட்வர்ட் ஜெர்னிங்ஹாம் வேக்ஃபீல்டு எழுதி 1845-ல் வெளியான நூல். திமிங்கலம் பிடிக்க வந்தவர்கள் அங்கே பேசிய கொச்சைமொழியை விவரிக்கும்போது, பன்றியை ‘உறுமி’ என்ற பொருளிலும், உருளையை ‘ஸ்பட்’ என்றும் அவர்கள் சொன்னதாக அவர் குறித்திருக்கிறார்.

அந்தக் கப்பல்காரர்களுக்கு உருளையை விளைவித்துக் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. அந்த மண்ணின் மாவோரி மக்கள். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய கிழங்கை, சர்க்கரைவள்ளி பயிரிட்ட பழைய அனுபவத்தைக்கொண்டு அவர்கள் சீக்கிரமே பெருக்கிக்கொண்டார்கள். ‘கோ’ என்னும் தோண்டுகழியால் நிலத்தைக் கிளறி நட்டு, விளைந்ததைக் கப்பல்களுக்கு விற்றார்கள். மாவோரி மொழியில் கிழங்குக்கு ‘ரீவாய்’, ‘டாயெவா’ என்று தனிப்பெயர்களே உண்டு. தோலும் உள்சதையும் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் ரகத்தை இன்றும் அவர்கள் காப்பாற்றி வருகிறார்கள்.

‘ஸ்பட்’ பற்றி ஒரு கட்டுக்கதையும் சுற்றுகிறது. உருளைக்கிழங்கு உடம்புக்கு ஆகாது என்று இங்கிலாந்தில் ஒரு சங்கம் இருந்ததாம். அந்தச் சங்கத்தின் பெயரிலுள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்பட்’ வருமாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால், உண்மையில்லை. முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சொல் உருவாக்கும் பழக்கம் பரவியதே 20-ம் நூற்றாண்டில்தான். சொல்லோ அதற்கு வெகுகாலம் முன்பே புழக்கத்தில் இருந்தது.

வேலையிடத்தில் காதில் விழும் ‘ஸ்பட்’கள்

பண்ணையில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கத் தேவையில்லை. பேச்சில் விதைக்கிழங்கு ‘சீட் ஸ்பட்’. புதிதாகத் தோண்டிய இளங்கிழங்கு ‘நியூ ஸ்பட்’. கிழங்கு தோண்டும் மூன்று பல் முள்கொத்துக்கும் சில ஊர்களில் இதே பெயர். வெட்டிப்போட்ட மரத்தில் பட்டை உரிக்கும் தட்டையான இரும்பும் ‘ஸ்பட்’தான். குழாய் வேலை செய்பவர்களிடம் கேட்டால், கழிப்பறைத் தண்ணீர்க் குழாயை இணைக்கும் சிறு துண்டைக் காட்டுவார்கள். துறைமுகத்தில் தூர்வாரும் மிதவை நகராமல் நிற்க, தண்ணீருக்குள் இறக்கி மண்ணில் ஊன்றும் பெரிய தூணுக்கும் அதுவே பெயர். பிரிட்டிஷ் ராணுவத்தில் ‘ஸ்பட் அடிப்பது’ என்றால், மூட்டை மூட்டையாகக் கிழங்குக்குத் தோல் சீவும் வேலை. பெருவிரல் எட்டிப் பார்க்கும்படி காலுறையில் விழுந்த ஓட்டையைக்கூடக் கேலியாக ‘ஸ்பட்’ என்பது உண்டு.

காவிரி டெல்டா விவசாயிகளும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய பொருள் ஒன்றும் இருக்கிறது. எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும் தொழிலில், துளையிடும் கருவி முதன்முதலாக மண்ணில் இறங்குவதை ‘ஸ்பட்’ செய்வது என்கிறார்கள். அந்தத் தொழிலின் ஆவணங்களில் ‘ஸ்பட் தேதி’ என்று இருந்தால், கிணறு தோண்டத் தொடங்கிய நாள் என்று பொருள். தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020-ல் வந்தது. மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை. ஆகவே ஒரு கிணறு பழையதா, புதியதா என்ற பேச்சு வரும்போது, அந்த ஒரு தேதிக்கு மதிப்பு உண்டு.

ஆளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர்

இப்போது வாசகியின் கேள்விக்கு வரலாம். குட்டையாக, கெட்டியாக இருக்கும் எதற்கும் ‘ஸ்பட்’ என்று பெயர் வைப்பது ஆங்கிலப் பேச்சில் உண்டு. உயரம் குறைந்த, உடம்பு கட்டான ஆளை நண்பர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டிலும் ஒல்லியான பையன் ‘முருங்கைக்காய்’, குண்டான பையன் ‘பூசணிக்காய்’ ஆகிறார்கள். ‘காதலாவது கத்திரிக்காயாவது’ என்கிறோம். ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்கிறோம். பெரியார் மேடையில் ‘வெங்காயம்’ என்றால், கூட்டத்துக்கே பொருள் புரிந்தது. கத்திரிக்காய் மீதோ, அதை விளைவித்தவர் மீதோ யாருக்கும் பகை கிடையாது.

ஆனால், ‘ஸ்பட்’டுக்கு இன்னொரு முகம் அயர்லாந்தில் உண்டானது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் ஏழைக் குத்தகைதாரர்களுக்குக் கையில் இருந்தது துண்டு நிலம்தான். விளைந்த தானியமும் வளர்த்த பன்றியும் நிலக்காரருக்கான குத்தகைக்குப் போய்விடும். வீட்டில் வயிறு நிறைய மிஞ்சியது உருளைக்கிழங்கு. சின்ன இடத்தில் நிறைய காய்க்கும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தைத்தான் பெரும்பாலும் நட்டார்கள். 1845-ல், வேக்ஃபீல்டின் நூல் வெளியான அதே ஆண்டில், நீலகிரி விவசாயிகள் நன்றாக அறிந்த பின்கருகல் நோய் அங்கே இறங்கியது. பச்சையாக நின்ற வயல் சில நாள்களில் கறுத்து, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது விடவில்லை. ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்தின்போதும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன.

பிழைப்புத் தேடிப் போன ஊர்களில் கால்வாய் வெட்டவும் ரயில் பாதை போடவும் நின்ற அந்த அயர்லாந்துக்காரர்களை, அவர்கள் தின்ற கிழங்கின் பெயராலேயே மற்றவர்கள் இளக்காரம் செய்தார்கள். அயர்லாந்தில் மிக அதிகமாக உள்ள குடும்பப் பெயர் ‘மர்ஃபி’. அந்தப் பெயரே உருளைக்கு இன்னொரு கொச்சைப் பெயராகிவிட்டது. ராணுவத்தில், கடற்படையில் மர்ஃபி என்று யார் சேர்ந்தாலும், கேட்காமலேயே அவருக்கு ‘ஸ்பட்’ பட்டம் கிடைத்தது. அதைச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். மனசுக்குள் வைத்து வருந்தியவர்களும் இருந்தார்கள்.

நியூசிலாந்திலும் இதற்குச் சமமான கசப்பு உண்டு. ஆக்லாந்துக்குத் தெற்கே உள்ள புக்கெகோகெ வட்டாரம் உருளைக்கும் வெங்காயத்துக்கும் பேர்போனது. 1920-களில் அங்கே குஜராத், பஞ்சாப் பகுதிகளிலிருந்து போனவர்களும் சீனர்களும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். அவர்களுக்கு நிலம் கிடைக்கக் கூடாது என்றே ‘வெள்ளை நியூசிலாந்து லீக்’ என்ற அமைப்பு அங்கே தொடங்கப்பட்டது. எதிர்ப்பைத் தாண்டி இந்தியக் குடும்பங்கள் அங்கேயே வேர்விட்டு, இன்றைக்கும் காய்கறி விளைவிக்கின்றன.

பையன் கவனிக்க வேண்டியவை

இந்த வரலாறெல்லாம், கூட வேலை செய்யும் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே, சொல்லைப் பார்ப்பதைவிடச் சொல்லும் விதத்தைப் பார்ப்பதே சரி.

* பண்ணையில் மற்றவர்களுக்கும் பட்டப்பெயர் இருக்கிறதா? எல்லோருக்கும் இருந்தால், பையனையும் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு மட்டும் என்றால், யோசிக்க வேண்டும்.

* தமிழ்ப் பெயர் வாயில் நுழையவில்லை என்பதற்காகவும் சிலர் பட்டப்பெயர் வைப்பார்கள். பெயரை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொல்லிக்கொடுத்து, ‘இப்படிக் கூப்பிடுங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கும்’ என்று நேராகச் சொல்லலாம். நட்பாகக் கூப்பிட்டவர்கள் அதோடு மாற்றிக்கொள்வார்கள்.

* சொன்ன பிறகும் வேண்டுமென்றே தொடர்ந்தால், அல்லது நிறம், நாடு, சாப்பாடு பற்றிய கேலியோடு சேர்ந்து வந்தால், அல்லது கஷ்டமான வேலை, குறைந்த கூலி எப்போதும் அவன் தலையிலேயே விழுந்தால், அது செல்லப்பெயர் இல்லை. நடந்த நாள், சொன்ன ஆள், உடனிருந்தவர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

* நியூசிலாந்தின் 1993-ம் ஆண்டு மனித உரிமைச் சட்டப்படி, வேலையிடத்தில் இனத்தைச் சொல்லித் துன்புறுத்துவது குற்றம்சாட்டத் தக்கது. முதலில் பண்ணை மேலாளரிடம் சொல்லலாம். பலன் இல்லையென்றால், அந்நாட்டு மனித உரிமை ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

* கோபத்தில் வேலையை உதறிவிடக் கூடாது. வெளிநாட்டினருக்கான வேலை விசாக்கள் பலவும் குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டவை. வேலையை விட்டால் விசாவுக்கும் சிக்கல் வரும். விசாவின் நிபந்தனைகளையும் எழுத்து மூலமான வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கடன் இருக்கும் வீட்டுக்கு இது முக்கியம்.

அடுத்த முறை போனில் பேசும்போது, வாசகி மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘‘அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவங்க, சாப்பாட்டு நேரத்தில் உன்னைக் கூட உட்கார வெச்சுக்கிறாங்களா?’’ ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், நிம்மதியாக இருக்கலாம். ‘இல்லை’ என்றால், மேலே சொன்ன நோட்டை அன்றைக்கே எழுதத் தொடங்கச் சொல்லலாம்.

(வயலிலோ, மண்டியிலோ, அரசு ஆவணத்திலோ பொருள் புரியாத சொல் எதிர்ப்பட்டால், எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். விளக்கம் இந்தப் பகுதியில் இடம்பெறும்.)