வேது பிடித்த காலம்
ஆதம்பாக்கத்து மருந்துக்கடைகளில் ஆவி பிடிக்கும் கருவியை இப்போது சீந்துவாரில்லை. கொரோனா அலை அடித்த 2021 மே மாதத்தில் அதைக் கேட்டு வராதவர் யார்? கருவி கிடைக்காத வீடுகளில் அகலப் பாத்திரமும் போர்வையும். நொச்சியோ மஞ்சளோ, வாட்ஸ்அப் அன்று காலை சொன்னது எதுவோ அது உள்ளே கொதிக்கும். பொது இடங்களில் குழாய் வைத்து ஆவி பிடிக்க விட்டதையும், அன்றைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் வேண்டாமென்று சொன்னதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அது தொற்று பரவுமே என்ற கவலை. எனக்கு உறுத்துவது அந்தப் பாத்திரம். ஆவி முகத்தைச் சுடுவது ஒருபுறம் இருக்கட்டும். போர்வைக்குள் திமிறும் பிள்ளையின் கால் பட்டு அது சரிந்தால் வேகுவது மடியும் தொடையும். 2020லேயே பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் இப்படி வெந்துபோய் வரும் பிள்ளைகள் கூடிவிட்டதாக லான்செட் இதழில் எழுதினார்கள். அறுபது டிகிரி நீரே சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். நாம் வைத்ததோ கொதிநீர். ஆவிக்கு வைரஸ் சாகாது. தோல் உரிந்த இடத்திலோ எந்தக் கிருமியும் உள்ளே வரலாம். தீக்காயத்துக்குப் பேர்போன கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை கொரோனா நோயாளிகளையும் சுமந்த நாட்கள் அவை. அங்கே போனால் தொற்றிக்கொள்ளுமோ என்று தயங்கி, இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டவேண்டிய காயத்தில் பற்பசையை அப்பினால், பிறகு அதைச் சுரண்டி எடுப்பதே செவிலியருக்கு முதல் வேலை.